கடல் கடந்த அமானிதம்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் பூண்டுச் சந்தை கூடும் நாளன்று, மண்டிகளின் வாயிலில் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து மூட்டைகளுடன் இறங்கி வந்த விவசாயி, எடை போட்டு விலை தீர்ந்ததும், தம் பெயருக்கு எழுதிய சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மலையேறிவிடுகிறார். பணம் முழுவதையும் அன்றே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய பற்றுப் போக மீதி, மண்டிக்காரரின் பேரேட்டில் அவர் பெயரில் வரவாக நிற்கும். ஆள் மலைமேல் இருக்கிறார். அவர் பணம் அடிவாரத்தில் இருக்கிறது. இரண்டையும் பிணைத்து வைப்பது ஒரு துண்டுத் தாளும், அதற்குப் பின்னால் நிற்கும் நாணயமுமே.

தாம் இல்லாத ஊரில் தம் பணத்தை இருத்தி வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான், ஷார்ஜாவிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு பெரியகுளத்து வங்கிக் கிளையில் கணக்குத் திறக்கும் நம் இளைஞரும் செய்கிறார். இடையில் மலைக்குப் பதிலாகக் கடல் இருக்கிறது. சீட்டுக்குப் பதிலாகக் கணக்கு எண் இருக்கிறது. ஆனால், அயல்நாட்டிலிருந்து கணக்குத் திறப்பது நேற்றுப் பிறந்த வசதி என்று எண்ணிவிடலாகாது. அதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் முன்னோர்க்கும் மார்க்க அறிஞர்க்கும் பெரும் பங்கு உண்டு. அதை அறிந்துகொள்வது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் நேர்ந்துவரும் ஒரு பெரும் இழப்பைத் தடுப்பதற்காகவே இதனை எழுதலானோம்.

ஓர் ஊரை விட்டு வெளியேறுகிறவரின் பொறுப்பு எது என்பதற்கு நம் வரலாற்றின் முதற் பக்கமே சான்று பகர்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்ட இரவில், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருவதற்காக அலி (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். அப்பொருள்களுக்கு உரியவர்களில் பகைவர்களும் இருந்தனர். உயிருக்கே ஆபத்தான அந்த வேளையிலும், யாருக்கு எது உரியது என்ற விவரம் மற்றொருவரிடம் சொல்லி ஒப்படைக்கப்பட்டது. ஊர் மாறினாலும் கணக்கு மறையக் கூடாது என்ற பாடம் அங்கே தொடங்குகிறது.

அடுத்து, ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். மக்கள் தம் பணத்தைப் பாதுகாப்புக்காக அவர்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே பெற்றுக்கொள்வதாகச் சொல்வார்கள். காரணம் நுட்பமானது. அமானிதமாகப் பெற்ற பொருள், பெற்றவரின் கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால், அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனாகப் பெற்றாலோ என்ன நேர்ந்தாலும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். கொடுத்தவருக்கு நட்டம் வந்துவிடக் கூடாதே என்று அவர்கள் தம் தோளில் சுமையை ஏற்றிக்கொண்டார்கள்.

இன்றைய வங்கியின் அடித்தளம் இதுவேதான். நாம் வங்கியில் போடும் பணத்தை 'அமானிதம்' என்று பேச்சில் சொன்னாலும், சட்டத்தின் பார்வையில் அது வங்கிக்கு நாம் கொடுத்த கடனே. வங்கி அதை எடுத்துப் பயன்படுத்தலாம். கேட்கும்போது ஈடான தொகையைத் தந்தாக வேண்டும். கடன் என்பதனால்தான் அதன்மேல் வரும் கூடுதல் தொகையை உலமாக்கள் வட்டியாகக் கொண்டு விலக்கியுள்ளனர். நடப்புக் கணக்கு வைத்துக்கொள்வோர், சேமிப்புக் கணக்கில் வந்த வட்டியைத் தமக்கெனக் கொள்ளாது அப்புறப்படுத்துவோர், 1975இல் தோன்றிய துபாய் இஸ்லாமிய வங்கி போன்றவற்றை நாடுவோர் எனப் பேணுதலுள்ளோர் பல வழிகளைக் கைக்கொள்கின்றனர். அது தனியே விரித்து எழுதத் தக்கது. இங்கே நாம் எடுத்துக்கொண்டது பணம் உரியவரைச் சென்றடையும் வழியை மட்டுமே.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஸுபைர் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டபோது கடன் 22 இலட்சம் இருந்தது. கையில் தீனாரோ திர்ஹமோ இல்லை. மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூபாவில் ஒன்றும், எகிப்தில் ஒன்றும், நிலங்களும் இருந்தன. பல நாடுகளில் சிதறிக்கிடந்த சொத்து. பல திசைகளிலிருந்தும் கேட்டு வரக்கூடிய கடன்காரர்கள். ஆயினும் குழப்பம் நேரவில்லை. ஏனெனில், போர் நாளன்றே தந்தை மகனை அழைத்து, கடன் இருப்பதைக் கூறி, எதை விற்று எப்படி அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சென்றார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கடனை அடைத்த பின்னரும் உடனே பாகம் பிரிக்க இசையவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும், தம் தந்தையிடம் வரவேண்டியது உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்புச் செய்தபின்பே வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். இந்த நான்கு ஆண்டு அறிவிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் இதனிடமே திரும்பி வருவோம்.

இதே அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பற்றி மற்றொரு செய்தியும் பிக்ஹு நூல்களில் உண்டு. அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் ஆளுநராக இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். கடிதம் கொண்டு சென்றவர் அங்கே தம் தொகையைப் பெற்றுக்கொள்வார். பணம் பாலைவனத்தைக் கடக்கவில்லை. கடிதம் மட்டுமே கடந்தது. இவ்வகைக் கடிதத்தை அரபு வணிகர் 'ஸுஃப்தஜா' என்றனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, அவர்கள் இதில் குற்றம் காணவில்லை என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் 'ஹிதாயா'வில் இந்த ஸுஃப்தஜா வெறுக்கத்தக்கது என்று காண்கிறோம். கடன் கொடுத்தவர், வழிப்பறி ஆபத்திலிருந்து தப்பும் பயனைக் கடனின் மூலம் அடைகிறார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நிபந்தனையின்றி நடந்தால் குற்றமில்லை என்று ஹனபி அறிஞர் விளக்குவர். ஹன்பலிகளில் ஒரு சாரார் முழுதுமே அனுமதிப்பர். வழியின் பாதுகாப்பும் ஒரு பயனே, அதற்கும் மதிப்புண்டு என்று அன்றே எடைபோட்டுப் பார்த்த அவர்களுடைய கூர்மையை நாம் கவனிக்க வேண்டும். இன்று பணம் அனுப்பும் நிறுவனம் நம்மிடம் பெறும் கட்டணம், அந்தப் பாதுகாப்புக்கும் உழைப்புக்கும் உரிய கூலியே அல்லவா?

பத்தாம் நூற்றாண்டில் பயணம் செய்த இப்னு ஹவ்கல், சஹாரா பாலையின் தென்கோடியிலிருந்த அவ்தகஸ்து நகரில் ஓர் ஆவணத்தைக் கண்டதாக எழுதுகிறார். பாலைக்கு வடக்கேயுள்ள சிஜில்மாஸா நகரவாசி ஒருவருக்கு அவ்தகஸ்து வணிகர் 42,000 தீனார் தரவேண்டும் என்று சாட்சிகளுடன் எழுதப்பட்ட 'ஸக்கு' அது. பதினோராம் நூற்றாண்டில் பஸராவுக்கு வந்த நாஸிர் குஸ்ரோ, அங்காடியில் வணிகர்கள் தம் பணத்தை நாணய மாற்றுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, வாங்கும் சரக்குக்கெல்லாம் அவர்மேல் சீட்டு எழுதிக் கொடுப்பதைக் கண்டு குறித்து வைத்தார். ஓர் ஊரில் கணக்கு வைத்து வேறோர் ஊரில் செலவு செய்யும் பழக்கம் இங்ஙனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. இவை அனைத்துக்கும் உயிராக இருந்தது எழுத்து. திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282, தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியுமே பேசுகிறது. அதற்கு அடுத்த வசனம், பயணத்தில் எழுதுபவர் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதைப் பேசுகிறது. பயணியின் பணம் இறைமறையிலேயே கவனிக்கப்பட்டிருக்கிறது என்றால், அதன் இன்றியமையாமையை வேறு எவ்வாறு உணர்த்துவது?

தமிழ் மண்ணில் இந்த ஏற்பாட்டுக்கு வழங்கிய பெயர் உண்டியல். இச்சொல்லைக் கேட்டால் பள்ளிவாசல் வாயிலிலுள்ள காசுப் பெட்டியோ, சட்டத்துக்குப் புறம்பான பணமாற்றமோதான் இன்று பலர் நினைவுக்கு வரும். அக்காலத்தில் அது கண்ணியமான வணிகப் பத்திரம். நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் நகரங்களில் கிட்டங்கிகள் அமைத்து இத்தொழிலை வளர்த்தனர். அக்கரைச் சீமைக்குச் சபர் சென்ற நம் வணிகரும் உண்டியல் முறையை நன்கறிந்தவர்களே. 'ஹவாலா' என்ற அரபுச் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. ஒருவர் கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றுவது என்ற தூய பிக்ஹுப் பொருளுடைய சொல், இன்று நாளிதழில் குற்றச் செய்தியின் தலைப்பாகிவிட்டது.

நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அயல்நாடு என்பது கடலுக்கு அப்பால் மட்டும் இருந்ததில்லை. ஏலக்காய்த் தோட்டங்களுக்காக மலையேறியவர்கள் சென்றடைந்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்குச் சக்கரம், பணம் எனத் தனி நாணயங்கள் இருந்தன; 'அஞ்சல்' எனத் தனித் தபால் துறை இருந்தது. 1895இல் நம் வயல்களுக்கு வந்த பெரியாற்று நீரே, 1886இல் அந்தச் சமஸ்தானத்தோடு ஆங்கில அரசு செய்த குத்தகை ஒப்பந்தத்தால் வந்ததுதான். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951இல் அதன் அஞ்சல் துறையும் இந்தியத் தபால் துறையோடு கலந்தது. மலைக்கு அப்பால் இருந்த வேற்றரசு இவ்வாறு நம் நாட்டின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

இதற்கு நேர் எதிரானது பர்மாவில் நடந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். அயல்நாட்டுப் பணப் பரிமாற்றமே அவ்வங்கியின் முதல் நோக்கம். கடலின் இரு கரையிலும் ஒரே வங்கி, ஒரே பேரேட்டு முறை என்பது அக்கரைக்குச் சென்றிருந்த தமிழருக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. ஆனால், வங்கி தோன்றி ஏழே வாரங்களில், 1937 ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரே அரசின் கீழ் இருந்த இரங்கூன் கணக்கு, கணக்குக்காரர் ஓரடியும் நகராமலே அயல்நாட்டுக் கணக்காகிவிட்டது.

1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். பல இலட்சம் இந்தியர் காட்டுவழியே நடந்து தாயகம் திரும்ப முயன்றதும், வழியில் மாண்டோர் ஏராளம் என்பதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் வெளியிட்ட 'வாழைமர' நோட்டுகள், 1945இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது செல்லாக் காசாயின. 1963 பிப்ரவரி 23ஆம் நாள் பர்மிய அரசு வங்கிகள் அனைத்தையும் தேசியமயமாக்கியது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. கடைகளும் அரசுடைமையாயின. பரம்பரை பரம்பரையாக அங்கே வாழ்ந்த தமிழர், பணத்தையும் நகையையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர். சென்னைக் கடற்கரைச் சாலையில் அவர்கள் பெயரால் எழுந்த பர்மா பஜார் இன்றும் அந்த வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. உழைத்த நாட்டிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாடு கைவிரித்த நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. தாயகத்திலும் ஒரு கணக்கு வேண்டும் என்னும் பாடத்தை அவர்கள் மிகப் பெரும் விலை கொடுத்து நமக்கு வாங்கித் தந்தனர்.

இதற்கிடையே நம்மவர் பார்வை அரபு நாடுகளின் பக்கம் திரும்பியது. அந்நாளில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய்ப் பகுதி, ஓமான் ஆகிய இடங்களில் புழங்கியது நம் இந்திய ரூபாயே என்றால் இன்றைய இளைஞர் வியப்பர். ரூபாய் அங்கே தங்கம் வாங்கப் பயன்பட்டு, கடத்தல் தங்கமாக இந்தியாவுக்குள் வந்ததால், நம் அன்னியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென வேறு நிறத்தில் தனி நோட்டுகளை வெளியிட்டது. அவ்வாறே ஹஜ்ஜுப் பயணிகளுக்கென 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் தனி நோட்டுகள் வந்தன. 1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் தமக்கென தீனார் கண்டன. 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. உடனே கத்தாரும் துபாய்ப் பகுதி நாடுகளும் ரூபாயைக் கைவிட்டன. 1970இல் ஓமானும் விட்டது.

அதே 1970இல்தான் அயல்நாட்டில் வாழும் இந்தியருக்கெனப் புதிய கணக்கு முறையை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. 'என்.ஆர்.இ.' என்ற மூன்றெழுத்தால் இன்று நம் பெண்மக்களும் அறிந்துள்ள கணக்கு அது. வெளிநாட்டில் ஈட்டியதை ரூபாயாக இங்கே வைத்து, வேண்டும்போது மீண்டும் வெளிநாட்டுக்கே எடுத்துச் செல்லலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. 1975இல் அன்னிய நாணயத்திலேயே வைத்துக்கொள்ளும் வைப்புக் கணக்கும் வந்தது. இந்தியாவில் வரும் வாடகை, விளைச்சல் வருமானம் ஆகியவற்றுக்கு 'என்.ஆர்.ஓ.' கணக்கு உண்டு. ஊரில் இருந்தபோது திறந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வேலைக்காக அயல்நாடு சென்றபின் அவ்வாறே வைத்திருத்தல் விதிக்குப் பொருந்தாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இதை அறியாதோர் நம்மில் மிகுதி.

இந்தக் கணக்கைத் திறக்க ஊருக்கு வரவேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகளை இந்தியத் தூதரகத்திலோ, சான்றுரைக்கும் நோட்டரியிடமோ, அவ்வங்கியின் வெளிநாட்டுக் கிளையிலோ ஒப்பம் பெற்று அனுப்பினால் போதும். அக்காலத்து அஞ்சல் உறையின் இடத்தை இப்போது கணினியும் கைப்பேசியும் பெருமளவு பிடித்துக்கொண்டன. மறுபக்கம், நம் ஊரிலிருந்தபடியே அயல்நாட்டில் கணக்கு வைத்துப் பணம் அனுப்பும் உரிமையும் 2004இல் வந்தது. ஆண்டுக்கு 25,000 டாலர் என்று தொடங்கிய வரம்பு, 2015 முதல் 2,50,000 டாலராக உள்ளது. மக்களை அயல்நாட்டுக் கல்விக்கு அனுப்பும் பெற்றோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

தாயகத்துக் கணக்கின் அருமை 1990இல் மறுபடியும் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இராக்கியப் படை குவைத்தில் நுழைந்தது. குவைத் தீனார் செல்லாது என்று இராக் அறிவித்தது. ஒரு இலட்சத்து எழுபதாயிரம் அளவிலான இந்தியர், பெரும்பாலும் அம்மான் வழியாக, வெறுங்கையோடு விமானமேறினர். மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிவந்தவர்களுக்கு இங்கே ஓர் இருப்பு இருந்தது. எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் பர்மாக்காரர் நிலையை எய்தினர். ஐக்கிய நாடுகள் சபை 1991இல் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை நிறுவியது. குவைத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை கிடைத்தது. அதற்கு மேலாக, வங்கி இருப்பும் சம்பளமும் வீட்டுப் பொருளும் இழந்தோம் என்று கோரியவர்கள் ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. அல்பகரா 282ஆம் வசனத்தின் அறிவுரையைப் பின்பற்றியவர், பின்பற்றாதவர் என்ற வேறுபாடு அங்கே துலாம்பரமாயிற்று.

ரிசர்வ் வங்கியின் ஆய்வு ஒன்றின்படி, 2023-24ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்று மேல் தமிழ்நாட்டுக்கு வந்தது. எத்தனையோ தந்தையரின் வியர்வையும் எத்தனையோ மனைவியரின் தனிமையும் அத்தொகையில் அடங்கியுள்ளன. அந்தப் பணம் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகிறது. வந்து சேர்ந்த பின்பு அது உரியவருக்குப் போய்ச் சேருகிறதா என்பதே நம் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பாகப்பிரிவினைக்காக ஒரு குடும்பத்தார் வந்தனர். வளைகுடா நாடொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவர் அங்கேயே திடீரென மவுத்தாகிவிட்டார். தாய், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் இருந்தனர். அவருக்கு எத்தனை கணக்குகள் இருந்தன என்பது மனைவிக்குத் தெரியாது. மாதந்தோறும் செலவுக்கு வரும் பணம் மட்டுமே அவர் அறிந்தது. தேடிப் பார்த்ததில் இங்கே ஒரு என்.ஆர்.இ. கணக்கும் அங்கே சம்பளக் கணக்கு ஒன்றும் இருப்பது தெரிந்தது. நண்பர் ஒருவரிடம் கைமாற்றாகக் கொடுத்துவைத்த தொகையும் இருந்ததாகச் சொல்லக் கேள்வி. இங்குள்ள கணக்கில் நாமினி எனப்படும் நியமனதாரராகப் பெயர் இருந்தது அவருடைய தம்பிக்கு. திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது, பிறகு மாற்றவில்லை.

தம்பி கெட்டவர் அல்லர். அண்ணன் தம் பெயரை எழுதியிருப்பதால் பணம் தமக்கே உரியது என்று உண்மையாகவே நம்பியிருந்தார். நாம் அவரை உட்காரவைத்து விளக்கினோம். நியமனதாரர் என்பவர் பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி, அதன் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உச்சநீதிமன்றமும் 2010இல் ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் இவ்வாறே தீர்ப்பளித்திருக்கிறது. மார்க்கச் சட்டப்படியோ, மகன் இருக்கும்போது சகோதரருக்குப் பங்கில்லை. இறந்தவரின் கடனைத் தீர்த்தபின் எஞ்சுவதை 96 பங்காக்கினால் மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 17. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹஜ்ரத், நாலு வருஷம் கழிச்சு இதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? வீடு கட்டி முடிச்சிருப்பேனே" என்றார். பணத்தை அண்ணியாரிடமே கொண்டுபோய் ஒப்படைத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. வளைகுடாவிலுள்ள கணக்கை மீட்கும் வேலை அத்தனை எளிதாக முடியவில்லை. கணக்குக்காரர் இறந்தால், வாரிசுகள் இன்னார் என்று நீதிமன்றம் சொல்லும் வரை கணக்கை முடக்கி வைப்பது அந்நாடுகளில் வழக்கம். நண்பரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட தொகையோ, சீட்டும் சாட்சியும் இல்லாமையால், போனது போனதுதான்.

இந்தக் குடும்பத்தின் பணத்தைக் கடலும் போரும் பறிக்கவில்லை. எந்த அரசும் பிடுங்கவில்லை. வீட்டாரிடம் சொல்லாமல் விட்ட ஒன்றே அவர்களை அலைக்கழித்தது. பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகைகளைத் தனி நிதியொன்றில் சேர்க்கும் திட்டத்தை ரிசர்வ் வங்கி 2014இல் கொண்டுவந்தது. அங்குப் போனாலும் வாரிசுகள் வங்கி மூலம் கேட்டுப் பெறலாம். அத்தகைய கணக்குகளைத் தேடிப் பார்க்க 2023இல் 'உத்கம்' என்ற இணைய வசதியையும் அது ஏற்படுத்தியுள்ளது. ஆயினும், கணக்கு இருப்பதையே அறியாதவர் எதைத் தேடுவார்?

எனவே, அயல்நாட்டிலிருந்து கணக்குத் திறக்கும் நம் சகோதரர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். எந்த வங்கியில், எந்தக் கிளையில், எந்த வகைக் கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். இரகசிய எண்களைக் கொடுக்கச் சொல்லவில்லை. கணக்கு இருப்பதை மட்டும் தெரிவியுங்கள். திருமணத்துக்குப் பின் நியமனத்தைப் புதுப்பியுங்கள். 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்கவும் இடம் தரப்பட்டுள்ளது. நெருங்கிய உறவினரை, முதல்வருக்குப் பின் எஞ்சியவர் என்ற முறையில் என்.ஆர்.இ. கணக்கில் சேர்த்துக்கொள்ள 2011 முதல் வழியுண்டு. கொடுக்க வேண்டிய கடனையும் வர வேண்டிய கடனையும் அதே தாளில் குறியுங்கள். கைமாற்றுக்குச் சீட்டு எழுதுவது நட்புக்கு இழுக்கு என்று எண்ணாதீர்கள். எழுதிக்கொள்ளச் சொன்னவன் உள்ளங்களை எல்லாம் அறிந்தவன்.

பெண்மக்களுக்கும் ஒரு சொல். 'எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்பது பேராசை ஆகாது. 'எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்பது உங்கள் பிள்ளைகளின் உரிமையைக் காப்பது.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுப் பெருங்கூட்டத்தில் நின்று, தம் தந்தை யாருக்கேனும் தர வேண்டியுள்ளதா என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்பதற்கு அவர்களுக்கு வழி செய்தது, போர் நாளன்று தந்தை சொல்லிச் சென்ற சொற்களே. வடுகபட்டிச் சந்தையிலிருந்து மலையேறும் விவசாயிகூட, வீட்டுக்குச் சென்றதும் சட்டைப் பையிலுள்ள சீட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். கடல் கடந்து சம்பாதிக்கும் நம்மவர்களும் அந்த அளவாவது செய்வார்களாக. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த இரவே, வீட்டுக்கு ஒரு தாள் எழுதப்படுமானால், நாம் எழுதியதன் நோக்கம் நிறைவேறும்.